ரவிக்கை, துப்பட்டி, கடலுக்குப் போகும் சட்டை: தையல் டீச்சரிடம் கேட்டவை

நம் இராமநாதபுரக் கரையில் உடையும் பாட்டும் கூத்தும் ஆண் பெண் வாழ்க்கையோடு சேர்ந்து எப்படி மாறின என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தேன். ஊர் உச்சிப்புளிப் பக்கம். பழைய ரவிக்கை, துப்பட்டி, கைலி என்று ஒரு பீரோ நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன். பெரிய மனுஷிகள் பாடிய தாலாட்டு, ஒப்பாரிகளை நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: 'அந்தக் காலத்தில்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஏறக்குறைய எந்த வருடம், யார் வீடு, என்ன பிழைப்பு என்று சேர்த்து எழுதுங்கள்.

பாம்பன், கல்லூரி மாணவி: டீச்சர், கடல்பாசி எடுக்கிற அம்மாக்கள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போடுகிறார்கள். என் செமினார் கட்டுரையில் இதைப் பெண்கள் உடையில் வந்த மாற்றம் என்று எழுதலாமா? வேலைக்காகப் போடுவதை மாற்றம் என்று சொல்ல முடியாது என்கிறார் எங்கள் சார்.

தாராளமாக எழுதும்மா. உடை பெரும்பாலும் வேலையில்தான் முதலில் மாறுகிறது. மனசு பிறகுதான் வந்து சேர்கிறது.

மூச்சை அடக்கி முங்கும்போது முந்தானை மிதந்து முகத்தை மூடும், பாறையில் மாட்டும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கை முழுக்கத் தடித்துப்போகும். அதனால் முழுக்கைச் சட்டை. விரல்களில் துணி சுற்றி, முங்கும் கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். முதலில் வந்தது வீட்டுக்காரரின் பழைய சட்டைதான். ஒரு தடவை ஒரு அக்கா என்னிடம் அப்படி ஒரு சட்டையைக் கொண்டுவந்து, "டீச்சர், பாக்கெட்டைப் பிரிச்சு விடுங்க, தண்ணி நிறைஞ்சு இழுக்குது" என்றார். பிரித்தேன். காலரையும் எடுத்துவிட்டு, மணிக்கட்டில் நாடா வைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் அது ஆம்பிளைச் சட்டை இல்லை. கடலுக்கென்றே தைத்த ஒரு பெண்ணின் உடை.

அந்த அக்கா முன்பெல்லாம் கரை ஏறியதும் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கூடையில் வைத்துக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவார். இப்போது அதே சட்டையோடு டீக்கடையில் நின்று டீ குடிக்கிறார். உங்கள் சார் கேட்கும் மாற்றம் அந்த டீக்கடையில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக நம் ஓவியமும் சினிமாவும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். மீனவப் பெண் என்றால் முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய சேலை, இடுப்பில் கூடை, தலையில் பூ. கண்ணாடி மாட்டிய பெண்ணை ஒரு காலண்டரிலாவது பார்த்திருக்கிறீர்களா? பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015-ல் சீகாலஜி என்ற சுற்றுச்சூழல் விருது வாங்கினார். அதற்குப் பிறகும் வரைகிறவர்கள் கை மாறவில்லை.

பழம்பாட்டு இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். நற்றிணை 45-ஐ எடுத்துப் படியுங்கள். தேரில் வரும் பணக்கார வீட்டுப் பையனிடம் தோழி பேசுகிறாள். சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிறவர்கள் நாங்கள், எங்களுக்கு அழகு என்ன வேண்டிக் கிடக்கிறது என்கிறாள். "புலவு நாறுதும், செல நின்றீமோ": எங்கள் மேல் மீன் வாடை அடிக்கிறது, தள்ளி நில்லுங்கள். கடைசியில், எங்கள் ஆட்களிலேயே நல்லவர்கள் உண்டு என்று முடிக்கிறாள். வேலை செய்கிற பெண்ணின் உடம்பு வாடையை ஒளிக்காமல், அதையே பெருமையாகச் சொன்ன பாட்டு. செமினாரில் இதையும் வாசியுங்கள்.

திருவாடானை வாசகர்: ரவிக்கையே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே? ரவிக்கை இல்லாத நம் பாட்டிகள்தான் உண்மையில் சுதந்திரமாக இருந்தார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்.

மார்பை மறைக்கும் கச்சு நம் பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது. தோளும் கையும் வைத்து இன்றைய அளவில் தைக்கும் ரவிக்கைதான் பின்னால் பரவியது. அது இருக்கட்டும். சுதந்திரம் என்ற சொல்லுக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படியுங்கள்.

ரவிக்கை இல்லாமல் இருந்ததற்கு ஒரே காரணம் கிடையாது. சில வீடுகளில் அது பழக்கம். புழுக்கத்தில் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். வேறு சில வீடுகளில் அது தடை. 1930 டிசம்பரில் இதே இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளைப் போட்டார்கள். (அன்றைய மாவட்டம் பெரியது. சிவகங்கை, விருதுநகர்ப் பக்கமெல்லாம் 1985-ல்தான் பிரிந்தன.) 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் அதைத் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை, பனியன் போடக் கூடாது, முடியைக் கிராப் வெட்டக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. தங்கம், வெள்ளி யாருக்கும் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், ஒரே தெருவில் ரவிக்கை இல்லாமல் நடந்த இரண்டு பாட்டிகளும் ஒரே மாதிரி சுதந்திரமாகவா இருந்தார்கள்? அந்தப் பட்டியலில் ஆணின் சட்டையும் பெண்ணின் ரவிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதையும் கவனியுங்கள். உடையில் ஆண் பெண் கதையைத் தனியாக உருவி எடுக்க முடியாது, சாதியும் கூடவே வரும். என் வகுப்பில் முதன்முதலாகத் தன் கையால் ரவிக்கை தைத்து முடித்த பிள்ளைகள் அதை எப்படித் தொட்டுப் பார்த்தார்கள் என்று நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் கட்டுரையை என்னால் ஏற்க முடியாது.

சாயல்குடி வாசகர்: தோள்சீலைப் போராட்டம் நம் ஊரிலும் நடந்ததா?

பெண்கள் மேலுடம்பை மறைக்கும் உரிமைக்கான அந்தப் போராட்டம் நடந்தது தெற்குத் திருவிதாங்கூரில். அரசாணை வந்தது 1859-ல். குமரி மாவட்ட நண்பர்களிடம் கேளுங்கள், அங்கே விவரமாகச் சொல்ல ஆள் உண்டு.

ஏர்வாடி வாசகி: பாட்டியின் ஸ்டூடியோ போட்டோ ஒன்று, 1950 வாக்கில் எடுத்தது. கைக்கடிகாரம், நீளக்கை ரவிக்கை, பூச்சாடி. வசதியான குடும்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஸ்டூடியோ போட்டோவை வைத்து வாழ்க்கையைக் கணக்குப் போடாதீர்கள். கடிகாரம், கோட்டு, பூச்சாடி எல்லாம் ஸ்டூடியோவில் இரவல் கிடைத்தவை. ரவிக்கையின் தோள் தையல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தோளை விட்டு இறங்கிக் கையில் கிடந்தால் அது வேறு யாருடையதோ. இருந்தாலும் அந்தப் போட்டோவைப் பத்திரமாக வையுங்கள். பாட்டி எப்படி இருந்தார் என்பதை அது சொல்லாவிட்டாலும், தன்னை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டார் என்பதைச் சொல்கிறது.

இராமநாதபுரம் வாசகர்: நைட்டி வந்துதான் பெண்களின் அழகு கெட்டது. சரிதானே?

சரியில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்புகிறவருக்கு இடுப்பில் முடிச்சு இல்லாத உடை பெரிய உதவி. வெளியே வர மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்கிறார்கள் பாருங்கள், அதைப் பற்றிக் கேட்டிருந்தால் நிறையப் பேசியிருப்பேன்.

கீழக்கரைக்காரர், துபாயிலிருந்து: எங்கள் உம்மா காலத்தில் வெள்ளைத் துப்பட்டி. இன்று ஊருக்கு வந்தால் எல்லாம் கறுப்பு. நம்முடைய அடையாளம் போய்விட்டது என்று வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. என் பீரோவில் மூன்று துப்பட்டிகள் இருக்கின்றன. சேலைக்கு மேல் தலையோடு போர்த்துகிற அந்த வெள்ளைத் துணி, தமிழ் முஸ்லிம் ஊர்களின் பழைய வழக்கம். கறுப்பு வந்தது வளைகுடாச் சம்பளத்தோடு. அங்கே போன ஆண்கள் வாங்கி வந்தார்கள், பிறகு இங்கேயே தைக்க ஆரம்பித்தார்கள். நம் கைத்துணி ஒன்று போனது இழப்புதான்.

கீழக்கரை வாசகி: டீச்சர், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். துப்பட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்கணும். புர்காவில் இரண்டு கையும் சும்மா இருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் நான் புத்தகப் பையோடு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். காக்காவுக்கு (அண்ணனுக்கு) அழகு போச்சு, எனக்குக் கை கிடைத்தது.

துபாய் வாசகர்: தங்கச்சி, நான் அழகை மட்டும் சொல்லவில்லை. துப்பட்டி நம் மண்ணில் பிறந்தது. இது வெளியூரிலிருந்து வந்தது.

பெரியபட்டினம், மூத்த வாசகி: தம்பி, வெள்ளையை வெளுத்து நீலம் போட்டது யார் என்று உங்க உம்மாவிடம் கேளுங்க. உப்புத் தண்ணியில வெள்ளை நிக்காது. எங்க கை தேஞ்சது.

துபாய் வாசகர்: வேலை கஷ்டம் என்றால் எல்லாப் பழையதையும் விட்டுவிடலாமா?

இருங்கள், இருங்கள். மூன்று பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் என் பதிலை நான் திருத்த வேண்டும். துணியைச் சேர்த்து வைக்கிறவள் நான். கையில் பிடித்திருந்தவரின் கை எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு உடையைப் பற்றிப் பேசும்போது அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்ய முடியும், யார் துவைக்கிறார்கள் என்ற இரண்டையும் முதலில் கேட்க வேண்டும். அதை மறந்துவிட்டுத்தான் இழப்பு என்று எழுதினேன். தங்கச்சிக்கும் பெரியபட்டினம் ராத்தாவுக்கும் (அக்காவுக்கும்) நன்றி.

துபாய்த் தம்பிக்கு இரண்டு வார்த்தை. வெளியூரிலிருந்து வந்தது என்கிறீர்கள். நீங்கள் வீட்டில் கட்டும் கைலி? கடல் வியாபாரத்தில் பர்மா, மலேயா என்று போய் வந்தவர்கள் வீட்டு உடை அது. அது வந்தபோது அடையாளம் போனது என்று யாரும் வருத்தப்படவில்லை. ஆணின் குடுமி போனது, சட்டை வந்தது, பேன்ட் வந்தது. அடையாளம் போச்சே என்று இவ்வளவு வருத்தம் எதற்கும் வரவில்லை. பெண்ணின் துணியில் மட்டும் ஊரின் அடையாளத்தைக் கட்டிவைக்கிறோம்.

இன்னொன்று. உங்கள் ஊரில் கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் வழக்கம் உண்டு. துப்பட்டியோ புர்காவோ, போர்த்தியிருந்தவரின் பிறந்த வீட்டிலேயே அவர் வாழ்க்கை நடந்தது. தமிழெழுத்து கற்காத பெண்கள்கூட, குர்ஆன் ஓதக் கற்ற அரபு எழுத்திலேயே எழுதிய அரபுத்தமிழ்ப் பாடல்களைப் படித்தார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் துணியைப் பார்த்துவிட்டு, உள்ளே எதுவும் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தவறை நாமும் செய்ய வேண்டாம்.

மண்டபம் வாசகர்: நைட்டி பற்றி...

மேலே பதில் இருக்கிறது.

முதுகுளத்தூர் வாசகர்: திருவிழா நாடகத்தில் ஆண்கள் பெண் வேடம் போட்டது பெண்கள் மேல் மரியாதையாலா, தடையாலா?

தடையால் தொடங்கியது. பாலர் நாடக சபைகளில் சிறுவர்கள்தான் ஸ்திரீபார்ட். நல்ல குடும்பத்துப் பெண் மேடை ஏறக் கூடாது என்றார்கள், ஏறிய பெண்ணுக்கு மரியாதை தரவில்லை. ஆனால் நாடக மேடையில் வளர்ந்த கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் வந்த படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆண் வேடத்தில் ஒரு பெண், அதுவும் தீண்டாமைக்கு ஆளான பக்தராக. நினைத்துப் பாருங்கள்!

உங்கள் பக்கம் இன்றும் வள்ளி திருமணம் போடுகிறார்கள். அடுத்த தடவை பபூன் முடிந்ததும் எழுந்து போகாமல் வள்ளி நாரதர் தர்க்கம் வரை உட்காருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய கதைதான். ஆனால் அந்த இடத்தில் நடிகை மேடையிலேயே சொந்தமாகப் பேசுவார். வரதட்சணை, படிப்பு, குடி என்று எல்லாம் வரும். அந்தந்த வருடத்துப் பெண் என்ன நினைக்கிறாள் என்பது எந்தப் புத்தகத்தையும் விட அங்கே சீக்கிரம் கேட்கும்.

பரமக்குடி வாசகி: நல்ல கைத்தறிச் சேலை என்ன விலைக்குக் கிடைக்கும்?

உங்கள் ஊர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். எனக்குச் சொன்ன விலையே உங்களுக்கும் என்று இல்லை.

தொண்டி வாசகர்: பாட்டிகளின் தண்டட்டி ஏன் ஒழிந்தது?

காது கிழியும், கனம் தாங்காது, திருட்டுப் பயம். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். பலர் தொங்கிய காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். உருக்கிய தங்கம் பேத்தி கல்யாணத்துக்குப் போனது.

தங்கச்சிமடம் வாசகர், வயது 24: திருநங்கைகளைப் பற்றி இந்தக் கரையில் யாரும் எழுதவில்லையே, டீச்சர்? நீங்களாவது சொல்லுங்கள்.

முதலில் அந்தச் சொல்லையே பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேடையிலும் தெருவிலும் இருந்தவை கேலிச் சொற்கள் மட்டும்தான். 'திருநங்கை' பரவலானது பிறகுதான். தமிழ்நாட்டில் அவர்களுக்கென நலவாரியம் வந்தது 2008-ல். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஒரு சொல் மாற இவ்வளவு காலம், இவ்வளவு உழைப்பு.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒரு பையன் தையல் வகுப்பு ஜன்னலில் வந்து நிற்பான். பூத்தையல் கற்றுத்தரச் சொன்னான். பையன்களுக்குத் தையல் கிடையாது என்பது அன்றைய வழக்கம். நானும் போடா என்று அனுப்பிவிட்டேன். ஒரு ஊசியும் நூலும் கொடுத்திருந்தால் என்ன கெட்டிருக்கும்? அந்தப் பிள்ளை யாராக வளர்ந்ததோ எனக்குத் தெரியாது. ஜன்னல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பணி முடியும் முன்பு கடைசி ஐந்து வருடம், கேட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தேன். நீங்கள் எழுதுங்கள் தம்பி. எழுதியதை எனக்கு அனுப்புங்கள், நான் படிக்கிறேன்.

உச்சிப்புளி வாசகி: டீச்சர், நைட்டிக்குத் துண்டு எதற்கு என்று இப்போது கேட்கிறேன்.

நல்ல கேள்வி. தாவணி போன பிறகும் அதன் வேலை போகவில்லை என்பதுதான் அந்தத் துண்டு. உடம்பு முழுக்க மூடிய உடைக்கு மேலேயும் ஒரு துணி வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் காய்கறி வண்டிக்காரர் கூப்பிட்டதும் கை தானாகத் துண்டைத் தேடுகிறது. என் கையும் தேடுகிறது. பேத்தி தேடுவதில்லை. இதைப் பற்றி அடுத்த ஞாயிறு தனியாகவே எழுதுகிறேன்.

கீழக்கரை வாசகி: டீச்சர், இவ்வளவு பேசிய பிறகு உம்மாவின் துப்பட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். மடிப்பில் பழுப்பேறி இருக்கிறது. என்ன செய்ய?

சந்தோஷம்மா. சலவைத்தூள் வேண்டாம், பிளீச்சிங் கூடவே கூடாது. உப்பில்லாத நல்ல தண்ணீரில் தட்டையாக ஊறப்போட்டு, பிழியாமல் எடுத்து, நிழலில் விரித்துக் காயவையுங்கள். திரும்ப மடிக்காதீர்கள், மடிப்பில்தான் துணி இற்றுப்போகும். துவைத்த பழைய பருத்தி வேட்டியை ஒரு குழாயில் சுற்றி, அதன் மேல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். அந்துருண்டை துணியில் படக் கூடாது. ஓரத்தில் உம்மா கையால் போட்ட தையல் ஏதாவது இருந்தால், தண்ணீரில் போடுவதற்கு முன்பே ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.