பாயில் உட்கார்ந்திருக்கும் அத்தை

கேள்வி: பள்ளி விடுமுறைக்குக் கணவர் வீட்டாரோடு பினாங்கு போகிறோம். பத்து ஃபிரிங்கி கடற்கரையில் இரண்டு நாள் தங்கல். என் மகனுக்கு 7 வயது, எங்கள் கொண்டோ (அடுக்குமாடி) நீச்சல் குளத்தில் பத்து வகுப்பு நீச்சல் பழகியிருக்கிறான். நாத்தனார் பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள். காற்றடிக்கும் பெரிய வளையம் வாங்கியாயிற்று. ஆண்கள் நாசி கண்டார் சாப்பாடு வாங்கப் போனாலும் நாங்கள் போட்டோ எடுக்கப் போனாலும், முழங்கால் வலி உள்ள அத்தை பாயில் உட்கார்ந்தபடி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். எனக்கு ஜெல்லிமீனை நினைத்தால்தான் பயம். என்ன முன்னேற்பாடு செய்யலாம்? - ஒரு தாய், செந்தூல்

பதில்: ஜெல்லிமீன் இருக்கட்டும், முதலில் அந்த முழங்காலுக்கு வருவோம்.

அத்தை பாயிலிருந்து எழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கையை மணலில் ஊன்றி, "முருகா" என்று மூச்சு விட்டு, யாராவது தோள் கொடுத்த பிறகுதான் நிமிர்வார். அவரையா மூன்று பிள்ளைகளுக்குக் காவல் வைக்கிறீர்கள்? என்னம்மா இது! மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும். மூச்சுக்கே திண்டாடும்போது சத்தம் எங்கிருந்து வரும்? கரையிலிருந்து பார்த்தால் விளையாடுவதுபோலத்தான் தெரியும். அத்தைக்குப் புரிந்து, எழுந்து, ஆளைக் கூப்பிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் "அத்தை பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாங்க" என்று ஒரு சொல் வரும். மீதிக் காலம் முழுக்க அந்த அம்மாள் அதைச் சுமக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் கணவர் சாப்பாடு வாங்குகிறார், தண்ணீரில் அவரைக் காணோம். தகப்பன் இடுப்பளவுத் தண்ணீரில், பிள்ளைகளுக்குக் கடல் பக்கமாக, கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மூன்று பிள்ளைக்கு ஒருவர் போதாது, நாத்தனார் கணவரும் இறங்கட்டும். ஆள் மாற்றும்போது "இனி நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். யாரும் இறங்க முடியாத நேரத்தில் பிள்ளைகளும் கரையில்தான்.

அந்த வளையத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கரையிலிருந்து காற்று வீசினால் அது பாய்மரம் மாதிரி கடலுக்குள் போகும். பிள்ளை சிரித்துக்கொண்டே போவான், துரத்திப் போகிற பெரியவருக்கும் ஆபத்து. உடம்புக்கு அளவான லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். பத்து வகுப்பை நம்பாதீர்கள். குளத்தில் தரை தெரியும், பிடித்துக்கொள்ள ஓரம் இருக்கும். பத்து ஃபிரிங்கித் தண்ணீர் கலங்கல், போதாததற்கு ஜெட் ஸ்கி வேறு ஓடும். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். இதைப் பெரியவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். இடி கேட்டால் உடனே கரைக்கு.

சரி, ஜெல்லிமீன். பினாங்குக் கடலில் கடும் விஷமுள்ள பெட்டி ஜெல்லிமீன் உண்டு, உங்கள் பயம் வீண் இல்லை. முழுக்கை நீச்சல் உடை போடுங்கள், ஒரு பெரிய பாட்டில் வினிகர் எடுத்துப் போங்கள். கொட்டினால் குறைந்தது 30 விநாடி வினிகரைத் தாராளமாக ஊற்றுங்கள். மணல் தேய்க்காதீர்கள், குடிதண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுத் திணறினாலோ வலி தாங்க முடியாவிட்டாலோ அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடப்பதையும் பிள்ளைகள் தொடக்கூடாது.

அத்தைக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டு இளநீர் வாங்கிக் கொடுங்கள். வினிகர் பாட்டிலும் ஆண்களின் ஹேண்ட்போன்களும் அவர் மடியில் இருக்கட்டும்.