அடையாள அட்டைப் பிரதியைத் தரகருக்கு அனுப்பிவிட்டேன், என்ன செய்யலாம்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன தரகருக்கு, அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பினாராம். வேலையும் வரவில்லை, ஆளும் இப்போது தொலைபேசி எடுப்பதில்லை. தன் பெயரில் யாராவது கடன் எடுத்துவிடுவார்களோ என்பதே அவருடைய பயம்.

அம்மா, பிரதியை மட்டும் வைத்து வங்கியில் கடன் எடுப்பது இலேசல்ல. ஆனால் வீட்டு வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்கும் நுண்கடன்காரர் எல்லோரையும் நான் அப்படி நம்பமாட்டேன். ஆகவே முதலில் உங்கள் வங்கிக் கிளையில் கேட்டு, 'கிரிப்' என்று சொல்லப்படும் கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் பெயரில் பதிவான கடன்களைக் காட்டும் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பதிவில்லாமல் வட்டிக்குக் கொடுப்பவரின் கடன் அதில் தெரியாது. "கிரிப்பில் பெயரை அழித்துத் தருகிறோம்" என்று காசு கேட்டு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்; தவறான பதிவைத் திருத்த வேண்டியது அதைப் பதிந்த நிறுவனமேயன்றி இந்த இடைத்தரகர்கள் அல்லர்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகளைக் கடைசி நேரத்தில் பிற்போட்டார்கள். கொழும்பில் நாள் குறிப்பதும் மாற்றுவதுமாக இருக்க, இங்கே தரகரின் தொலைபேசியில் ஊரின் பாதி அடையாள அட்டைகள் கிடக்கின்றன. தனியாள் தன் சொந்த, வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்திருக்கும் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றொரு விலக்கும் உண்டு. உங்கள் மருமகன் கலியாணப் படத்தோடு உங்கள் இலக்கத்தையும் வைத்திருந்தால் அது அந்த விலக்குக்குள் வரும். அதையே தரகர் "தெரிந்தவர் என்றபடியால் சும்மா வைத்திருந்தேன்" என்று சொன்னால் வராது. வேலை பிடித்துத் தரக் காசுக்கு ஆவணம் சேர்ப்பது வியாபாரம், வீட்டுத் தேவையல்ல.

உங்களுக்கு உடனே கைகொடுப்பது வேறொரு சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்ப்பது குற்றம். ஆகவே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் முறையிடுங்கள். வட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சான்று. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள், வாசிக்க முடியாத தாளில் ஒப்பமிடாதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இனிப் பிரதி கொடுக்க நேர்ந்தால், எதற்காக, யாருக்கு, எந்தத் திகதியில் என்பதை முகப்படத்தின் ஓரத்தையும் தொடும்படி பேனாவால் குறுக்கே எழுதிவிட்டே கொடுங்கள். கொமினிகேஷன் கடையில் கறுப்பாக விழுந்த பிரதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.