தேதி கேட்கிறார்கள்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நான்கு தலைமுறையாகச் சபையில் இருக்கிற குடும்பம். நான் 18 வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள். என் தம்பி குடித்துச் சீரழிந்து வீட்டை விட்டுப் போனவன், 9 வருடம் கழித்துப் போன வருடம் திரும்பி வந்தான். இப்போது ஜெபக்கூட்டங்களில் தான் மாறிய கதையைச் சாட்சியாகச் சொல்கிறான். சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் ஒருநாள் எல்லோர் முன்னாலும், "அக்கா, நீ இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?" என்று கேட்டுவிட்டான். மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்ட நாளைத்தான் அப்படிக் கேட்பார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அதிலிருந்து அவன் பேச எழுந்தாலே நான் வெளியே போய்விடுகிறேன். லெந்து என்கிற தவக்கால நாட்களில் எங்கள் போதகர் யோவான் 9ஆம் அதிகாரத்தைப் பிரசங்கித்தார். கண்ணிருந்தும் காணாதவர்கள் என்று அவர் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டேன். கெட்ட குமாரன் கதையில், திரும்பி வந்த தம்பிக்கு விருந்து வைத்ததால் கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்த மகன் நீதான் என்கிறாள் என் தோழி. பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவளான எனக்கும் மனந்திரும்புதல் என்று ஒன்று உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

வேதத்தில் யாரும் யாரிடமும் அந்தத் தேதியைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி உங்களை எவ்வளவு வருத்தியிருக்கிறது என்று தெரிவதால் இதை முதலில் சொல்கிறேன். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு ஏது தேதி? அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்றுதான் எழுதியிருக்கிறது. நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் 1846இல் கேத்தியில் பணியைத் தொடங்கியது. நீலகிரியின் படகர் சமூகத்தில் முதல் ஞானஸ்நானம் 1858இல்தான் நடந்தது. நடுவில் 12 வருடம். அந்த மனிதருக்குள் எது எப்போது அசைந்தது என்பதை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

சரி, உங்களைத் தலைகுனிய வைத்த அதிகாரத்துக்கு வருகிறேன். முதலில் ஒன்று. நம் பிரசங்கங்களில் 'குருடன்' என்ற சொல் வசவுபோல வந்து விழுகிறது. நிஜமாகவே பார்வையில்லாதவர்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதற்கு, இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவன் கண்ணில் அவர் சேறு பூசுவதும், சீலோவாம் குளத்தில் கழுவி அவன் பார்வை பெறுவதும் வருகின்றன.

அந்த அதிகாரத்தை இன்னொரு முறை வாசியுங்கள். இந்தத் தடவை யார் 'தெரியும்' என்கிறார்கள், யார் 'தெரியாது' என்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். இயேசு எங்கே என்று அக்கம்பக்கத்தார் பார்வை பெற்றவனிடம் கேட்கிறார்கள். தெரியாது என்கிறான். அவர் பாவியா என்று யூத மதத் தலைவர்களான பரிசேயர் விசாரிக்கிறார்கள். அதுவும் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்கிறான். விசாரிக்கிறவர்களோ, இந்த மனுஷன் பாவி என்று அறிந்திருக்கிறோம், மோசேயுடனே தேவன் பேசினார் என்று அறிந்திருக்கிறோம் என்று அடுக்குகிறார்கள். இத்தனைக்கும் ஆரம்பத்தில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. பாவியாயிருந்தால் இப்படிப்பட்ட அற்புதத்தை எப்படிச் செய்வான் என்று சிலர் கேட்டார்கள். விசாரணை நீள நீள அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. அவனோ 'இயேசு என்னப்பட்ட ஒருவர்' என்று தொடங்கி, 'தீர்க்கதரிசி' என்று சொல்லி, கடைசியில் அவரைப் பணிந்துகொள்கிறான். கண் திறந்தது ஒரே கழுவலில். அவர் யார் என்று புரிய அவனுக்கு அந்த அதிகாரம் முழுவதும் தேவைப்பட்டது.

"நீங்கள் காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது" என்று அது முடிகிறது. அந்த வசனம் எனக்குப் புரிந்தது ஒரு மழைக்கால இரவில், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறிய கடைசிப் பஸ்ஸில். வழியில் பனிமூட்டம் அடைத்துக்கொண்டது. டிரைவர் விளக்கைத் தாழ்த்தினார். முன்சீட்டிலிருந்த நான், பெரிய விளக்கைப் போடக்கூடாதா என்றேன். "போட்டா வெள்ளைச் சுவருதாங்க தெரியும். டிம்ல வச்சாத்தான் ரோடு தெரியும்" என்றார். பனியில் பட்டு நம் வெளிச்சமே நம் கண்ணை மறைக்கிறது. 18 வருடம் வேதத்தைச் சொல்லிக்கொடுத்த உங்களுக்கும், பல வருடமாக இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கும் இருக்கிற அபாயம் இதுதான். கூட்டத்தில் தேதி கேட்கிற உங்கள் தம்பிக்கும் இருக்கிறது.

உங்களுக்கும் மனந்திரும்புதல் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. மாற்கு 8ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊரில் பார்வையில்லாத ஒருவன் வருகிறான். இயேசு அவனைத் தொட்டுவிட்டு, எதையாகிலும் காண்கிறாயா என்று கேட்கிறார். நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன் என்கிறான். உங்கள் ஊரில் பனி இறங்கிய காலையில் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எது சில்வர் ஓக், எது கொழுந்து பறிக்கிற பெண் என்று தெரியாதே, அப்படி ஒரு பார்வை. தொட்டவர் மனம் கோணக்கூடாது என்று அவன், நன்றாகத் தெரிகிறது ஐயா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாவது முறையும் கண்களில் கை வைக்கிறார், எல்லாம் தெளிவாகிறது. தேதி கேட்டபோது, ஏதோ ஒரு நாளைச் சொல்லி வைக்காமல், உங்களுக்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் இந்த மனிதனுடைய பதிலாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

மூத்த மகன் என்ற பெயரை நீங்கள் சுமக்க வேண்டாம். உங்களை நான் அனனியாவாகப் பார்க்கிறேன். அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தை, பின்னாளில் பவுல் ஆன சவுலின் மனமாற்றம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இயேசுவின் சீஷர்களைக் கட்டி இழுத்துப்போக வந்தவன், பார்வை போய், பிறர் கையைப் பிடித்துத் தமஸ்குவுக்குள் நடக்கிறான். மூன்று நாள் சாப்பிடவுமில்லை, குடிக்கவுமில்லை. அதே ஊரில் அனனியா இருக்கிறார். சீஷர், கண்பார்வை உள்ளவர், அவனிடம் போ என்று கர்த்தரே சொல்லியும் தயங்குகிறவர். அவன் எவ்வளவு தீங்கு செய்தவன் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்கிறார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்புறம் நேர்த்தெருவுக்குப் போய், அந்த வீட்டுக்குள் நுழைந்து, அவன்மேல் கையை வைத்து, "சகோதரனாகிய சவுலே" என்கிறார். சவுலின் கண்களிலிருந்து செதிள்கள் போல விழுந்து பார்வை வந்தது அதற்குப் பிறகுதான். அந்த வாசற்படியைத் தாண்டும்போது அனனியாவும் மனந்திரும்பியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அவருக்கும் தேதி இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். தம்பி சாட்சி சொல்வதும் உங்களைக் கேள்வி கேட்டதும் இருக்கின்றன. அவர் இப்போது எங்கே தங்கியிருக்கிறார், என்ன வேலைக்குப் போகிறார், குடியை விட்ட உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை. அவரிடமே கேட்டுவிட்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.