ரிப்பன் கீ செயின்: கேள்விகளும் பதில்களும்

வீட்டிலேயே ரிப்பனில் கீ செயின் செய்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே வார்த்தையில் முடிவதை அப்படியே முடித்திருக்கிறேன், விவரமாகச் சொல்ல வேண்டியதை விவரமாகவே சொல்லியிருக்கிறேன்.

அக்கா, சாட்டின் ரிப்பனை மடித்து வளையத்தில் கோத்துத் தைத்தேன். ரெண்டே வாரத்தில் வளையம் இருக்கும் இடத்தில் கயிறு மாதிரி சுருண்டு, நூலும் பிரிந்துவிட்டது. ரிப்பன் மட்டமா?

ரிப்பன் மேல் தப்பில்லை. சாட்டின் வழவழப்பானது, மெல்லியது, பரிசுப்பொட்டியில் கட்டவும் தலையில் வைக்கவும் நன்றாக இருக்கும். சாவி அப்படியா? இரும்புக் கனம், ஒரு நாளைக்குப் பத்து தடவை பையிலிருந்து பிடித்து இழுக்கிறோம், வளையம் ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் ரிப்பனுக்கு அடியில் பைகளின் கைப்பிடிக்குத் தைக்கும் தடித்த பருத்தி நாடாவை வையுங்கள். நாடா 32 மி.மீ. அகலம், ரிப்பன் 22 அல்லது 25 மி.மீ. என்றால் இரண்டு பக்கமும் நாடா கொஞ்சம் தெரியும், அதுவே ஒரு கரை போட்ட மாதிரி அழகு. இழுப்பு முழுவதையும் நாடா தாங்கிக்கொள்ளும், ரிப்பன் மேலே நிம்மதியாக இருக்கும். கை மணிக்கட்டில் மாட்டுகிற அளவுக்கு வேண்டுமென்றால் 12 அங்குலம் வெட்டுங்கள், பைக்குள் போடும் சின்னதற்கு 6 அங்குலம் போதும்.

சாட்டினே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் முறை செய்பவர்களுக்கு நான் எடுத்துக்கொடுப்பது கிராஸ்கிரெயின் ரிப்பன்தான். குறுக்கே சின்னச் சின்ன வரிகள் ஓடுமே, அது. ஊசிக்கு அடியில் வழுக்காது, உரசலையும் நன்றாகத் தாங்கும்.

நுனியை நெருப்பில் காட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். என்னுடையது கருகிச் சாம்பலானது.

அப்படியென்றால் அது பருத்தியாகவோ ரேயானாகவோ இருக்கும், இரண்டும் காகிதம் மாதிரி எரியும். பாலியஸ்டரும் நைலானும்தான் உருகி ஒட்டும். எப்போதும் ஒரு சின்னத் துண்டை வெட்டிச் சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள், துண்டைக் கையில் பிடிக்காமல் இடுக்கியில் பிடியுங்கள், உருகிய சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும். சுடரின் உச்சியில் காட்டினால் கரி படியும், சுடரின் பக்கவாட்டில் தொடாமல் ஒரு நொடி காட்டினாலே போதும். பருத்தி ரிப்பனாக இருந்தால் நுனியை உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள்.

மெஷினில் தைக்கும்போது ரிப்பன் அலை அலையாக வருகிறது.

ஒரு ஓரத்தை மேலிருந்து கீழாகவும் மறு ஓரத்தைக் கீழிருந்து மேலாகவும் தைத்திருப்பீர்கள். மெஷின் மேல் துணியையும் அடித் துணியையும் ஒரே அளவில் நகர்த்தாது, அதனால் இரண்டு ஓரமும் எதிரெதிராக இழுபடும். இரண்டையும் ஒரே நுனியில் தொடங்கி ஒரே திசையில் தையுங்கள், அலை அடங்கிவிடும். தையல் நீளம் 3 மி.மீ. வையுங்கள், நெருக்கமாகத் தைத்தால் ரிப்பன் சுருங்கும். நாடா தடிமனாக இருப்பதால் 90/14 என்ற எண் போட்ட மெஷின் ஊசி வேண்டும். குண்டூசி குத்தாதீர்கள், சாட்டினில் அந்த ஓட்டை மறையவே மறையாது. துணிப்பசையை நடுவில் மெல்லிய கோடாக இழுத்து ஒட்டி, நன்றாகக் காய்ந்த அப்புறம் தையுங்கள்.

க்ளூ கன் மட்டும் போதாதா?

போதாது. வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் அந்தப் பசை இளகிவிடும்.

நுனியில் மாட்டும் உலோகக் கிளிப் கழன்று விழுகிறது, இறுக்கினால் கீறல் விழுகிறது.

கிளிப்பின் அகலமும் நாடாவின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், 32க்கு 32. மடித்த இரண்டு நுனிகளையும் முதலில் சேர்த்துத் தைத்துவிட்டு, கிளிப்பின் அடிமட்டம் வரை உள்ளே தள்ளுங்கள். குறட்டின் வாயில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு முதலில் நடுவில், பிறகு இரண்டு ஓரங்களில், மறுபடி நடுவில் என்று கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் ஒரு பக்கம் மட்டும் கவ்வும், அந்தப் பக்கம்தான் பிறகு கழலும்.

மெஷின் கிடையாது. என்ன செய்யலாம்?

இரண்டு நிற மெல்லிய ரிப்பனில் சதுரப் பின்னல் போடுங்கள், எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான். இரண்டையும் வளையத்தில் பாதியாக மடித்துக் கோத்தால் நாலு கால் கிடைக்கும். ஒவ்வொரு காலையும் பக்கத்துக் காலின் மேல் மடித்துக்கொண்டே போய், நாலாவதை முதல் மடிப்புக்குள் நுழைத்து இழுங்கள். அடுத்த சுற்றில் திசையை மாற்றினால் தூண் சதுரமாக நிற்கும், கால்களைக் குறுக்கே ஒரு கட்டம் தள்ளி மடித்தால் முறுக்கிக்கொண்டு உருண்டையாக வரும். ரிப்பன் நிறைய தின்னும் வேலை, ஒரு அங்குலப் பின்னலுக்கு ஒவ்வொரு நிறத்திலும் ஒரு அடியாவது வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கடைசிச் சுற்றை இறுக்கி முடிச்சுப் போட்டு, மீதியைக் குஞ்சமாகத் தொங்கவிடுங்கள்.

ரெண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பரிசாகக் கொடுக்கலாமா? மணி கோத்திருக்கிறேன்.

மணியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். குழந்தை கையில் கிடைத்ததை வாயில்தான் வைக்கும், நூல் அறுந்தால் மணி தொண்டையில் போய் நிற்கும்.