முடியை விட மெல்லிய கம்பி: உங்கள் கேள்விகளும் பதில்களும்

நான் மைக்ரோ கம்பி என்று சொல்வது 100 மைக்ரானுக்குக் கீழே உள்ள உலோகக் கம்பியை. மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு 1 மைக்ரான். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

தெற்கு ஆவணி மூல வீதி, நகைப் பட்டறை: நாங்கள் கம்பியச்சில் இழுப்பது போலத்தான் இதையும் இழுக்கிறார்களா, தம்பி?

அதே வேலைதான், ஐயா. பெரிய துளையில் தொடங்கி, ஒவ்வொரு சிறிய துளையாக இழுத்துக்கொண்டே போவது. இந்த அளவுக்கு வந்துவிட்டால் துளை வைரத்தில் இருக்க வேண்டும், சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும் திரவம் விடாமல் ஓட வேண்டும். ஒரு துளைக்கு 15 சதவீதம் பரப்பு குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 1 மில்லிமீட்டர் கம்பி 25 மைக்ரானுக்கு வர ஏறக்குறைய 45 துளைகள் ஆகும். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சுத்தத் தங்கத்தை அந்தத் தடிமனுக்கு இழுத்தால் சுமார் 840 மீட்டர் நீளம் கிடைக்கும்! மின்னணுச் சிப்பை அதன் கால்களோடு இணைக்கும் தங்கக் கம்பி பெரும்பாலும் இந்தத் தடிமன்தான்.

இன்னும் மெல்லியதாக வேண்டுமா? பிளாட்டினத்தை வெள்ளி உறைக்குள் வைத்து இரண்டையும் சேர்த்தே இழுத்து, கடைசியில் நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியை மட்டும் கரைத்துவிடலாம். உள்ளே இருந்த பிளாட்டினம் அப்படியே நிற்கும். 1813இல் இங்கிலாந்தின் வில்லியம் வொல்லாஸ்டன் வெளியிட்ட முறை இது. இன்றும் அந்தக் கம்பிக்கு அவர் பெயர்தான்.

சிம்மக்கல், மோட்டார் ரீவைண்டிங்: அண்ணே, கேஜ் கணக்கில் சொல்லுங்கள்.

கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண், எண் ஏற ஏறக் கம்பி மெலியும். நம் SWG கணக்கில் ஃபேனுக்குச் சுற்றும் 36 கேஜ் 0.19 மில்லிமீட்டர். 50 கேஜ் 25 மைக்ரான். அந்தத் தாமிரக் கம்பி ஒரு மீட்டருக்கு 35 ஓம் வரை காட்டும், அதனால் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு அறுந்த கம்பி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

திருமங்கலம், பூ வியாபாரம்: ஐஸ் பெட்டியில் அனுப்பும் மல்லிகை மொட்டுக்குள் எவ்வளவு சூடு என்று அளக்க முடியுமா, சார்?

இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. பெட்டிக்குள் வைக்கும் சாதாரண தெர்மாமீட்டர் காற்றின் வெப்பத்தைச் சொல்லும், மொட்டின் வெப்பத்தைச் சொல்லாது. பறித்த பிறகும் மொட்டு சுவாசிக்கிறது, அதில் சூடு உண்டாகிறது. குவியலின் நடுவில் அது வெளியேற வழியில்லை. மொட்டுக்குள்ளேயே அளப்பதுதான் சரி.

தாமிரம் ஒன்று, கான்ஸ்டன்டன் என்ற தாமிர-நிக்கல் கலவை ஒன்று என 75 மைக்ரான் அளவில் இரண்டு கம்பிகளை நுனியில் பற்றவைத்தால் அது ஒரு தெர்மோகப்பிள். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 40 மைக்ரோவோல்ட் அளவில் மின்னழுத்தம் தரும். அதை வாசிக்கும் கருவி, தன் முனையின் வெப்பநிலையையும் கணக்கில் சேர்ப்பதாக இருக்க வேண்டும். இங்கே மெல்லிய கம்பி எதற்கு என்றால், தடித்த கம்பி வெளியிலிருக்கும் சூட்டைத் தானே மொட்டுக்குள் கொண்டுபோய்விடும். அப்புறம் நீங்கள் அளப்பது பாதி மொட்டு, பாதி கம்பி. தடிமனைப் பாதியாக்கினால் சூடு கடக்கும் பரப்பு கால்வாசி ஆகிறது. இன்னொன்று: நுனியிலிருந்து சில சென்டிமீட்டர் கம்பியைக் குவியலுக்குள்ளேயே படுக்க வைத்து, பிறகு வெளியே எடுங்கள். குவியலின் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என இரண்டு வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குப் பயன்படும்.

நாகமலை புதுக்கோட்டை, இயற்பியல் மாணவி: கண்ணாடி உறை போட்ட காந்தக் கம்பி என்று படித்தேன். இழுக்கும்போது கண்ணாடி எப்படி உடையாமல் இருக்கிறது?

அதை அச்சில் இழுப்பதில்லை, அம்மா. கண்ணாடிக் குழாய்க்குள் சில கிராம் உலோகத்தைப் போட்டு மின்தூண்டலால் உருக்குவார்கள். அந்தச் சூட்டில் கண்ணாடியும் இளகும். இளகிய கண்ணாடியை நுனியில் பிடித்து இழுத்தால், உள்ளே உலோகம் நிரம்பிய இழையாக வரும். டெய்லர் என்ற ஆய்வாளர் 1924இல் வெளியிட்ட முறை, பின்னர் சோவியத் நாட்டில் உலிதோவ்ஸ்கி அதை வளர்த்தெடுத்தார். கோபால்ட் அல்லது இரும்போடு சிலிக்கானும் போரானும் கலந்து, வந்த வேகத்தில் தண்ணீரில் குளிர வைத்தால் அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காது. அப்படிப்பட்ட கம்பியில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாயும்போது, வெளியே சிறிய காந்தப்புலம் மாறினாலும் அதன் மின்மறுப்பு, அதாவது அந்த மின்னோட்டத்தை அது தடுக்கும் அளவு, பெரிதாக மாறும். திசைகாட்டிச் சிப்புகளில் ஒரு வகை இதில் உருவானது. எனக்குப் பிடித்தது வேறொரு ஆராய்ச்சி: உடலுக்குள் வைத்த இந்தக் கம்பியின் வெப்பத்தையும் இழுவிசையையும் ஒயர் எதுவும் இல்லாமல், தோலுக்கு வெளியே வைத்த சுருளால் படிப்பது.

மேலூர், ஒரு தாய்: என் பிள்ளைக்குக் காதுக்குள் காக்ளியர் கருவி வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்குமா, அறுந்துவிடுமா?

துருப்பிடிக்காது, அம்மா. அது பிளாட்டினம்-இரிடியம் கலவை. உடலின் உப்புநீரில் ஆண்டுக்கணக்காக மின்துடிப்பு கொடுத்தாலும் கரைந்து போகக் கூடாது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த உலோகம். கம்பிகள் மென்மையான சிலிகானுக்குள் பொதிந்திருக்கும். கவனிக்க வேண்டியது தலையில் பலமான அடி படாமல் பார்ப்பது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கருவியின் அட்டையை முதலில் காட்டுங்கள். பிள்ளை நன்றாகப் பேசி வளரட்டும்.

அண்ணா நகர், செவிலியர் மாணவி: மூளையில் வைக்கும் கம்பி சில மாதங்களில் வேலை செய்யாமல் போவது ஏன்?

1957இல் நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ஹியூபல் டங்ஸ்டன் கம்பியின் நுனியை மின்வேதி முறையில் கூராக்கி, மற்ற இடமெல்லாம் அரக்குப் பூசி, தனித்தனி நரம்பணுவின் துடிப்பைப் பதிவு செய்தார். டங்ஸ்டன் விறைப்பானது, அதனால் நேராக உள்ளே போகிறது. அந்த விறைப்பே பிறகு பகையாகிறது. மூளை மிக மென்மையானது, ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அசைகிறது. விறைத்த கம்பி அங்கே உரசிக்கொண்டே இருக்க, சுற்றிலும் தழும்பு வளர்ந்து நரம்பணுவின் குரல் மங்கிவிடுகிறது. 7 மைக்ரான் கார்பன் இழைகளைச் சுற்றித் தழும்பு குறைவாகவே வருகிறது. கம்பி இருப்பதே மூளைக்குத் தெரியக்கூடாது, அந்தத் திசையில்தான் இந்தத் துறை போக வேண்டும் என்பேன்.

ஒத்தக்கடை, டிப்ளமோ மாணவர்: கையில் எடுத்தாலே காணாமல் போகிறது, அண்ணே. எப்படிக் கையாள்வது?

கறுப்புத் துணி விரித்து, விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், மின்னும். ஃபேனை நிறுத்துங்கள். முனையில் சிறு டேப் ஒட்டி, டேப்பைப் பிடியுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வெட்டாதீர்கள், தம்பி. கண்ணுக்குள் போன துணுக்கைத் தேடுவது பெரும்பாடு. வெட்டிய துண்டுகளை டேப்பில் ஒட்டி மடித்துப் போடுங்கள், பெருக்கித் தள்ளினால் யார் காலிலாவது ஏறும்.