காரின் சஸ்பென்ஷன் வேலையை முதல் முறையாக வீட்டில் செய்பவர்கள் ஏன் பாதியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள்?

கேள்வி கேட்டவர், முன் சக்கரத்தில் வரும் கடகட ஓசையை நிறுத்துவதற்காகக் காணொளிகளைப் பார்த்து வேலையைத் தொடங்கியதாகவும், முதல் நட்டே அசையவில்லை என்றும், தமக்குக் கைவேலை வராதோ என்று ஐயப்படுவதாகவும் எழுதியிருக்கிறார்; வேலைக்குப் பிறகு வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். குறை அவர் கையில் இல்லை என்பதே என் பதில். எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், பேட்டரி ஆகியவை அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கென்றே அமைக்கப்பட்டவை. சக்கரத்தைக் காரோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்கள் அப்படியல்ல; அவை சக்கரத்துக்கு அருகிலேயே இருந்து, மழைநீரையும் சேற்றையும் ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஒருவரும் தொடாமல் கிடப்பவை. காணொளிகளில் வரும் காரோ பெரும்பாலும் புதியது, லிஃப்டில் ஏற்றப்பட்டது, நட்டுகள் முன்பே ஒருமுறை தளர்த்தப்பட்டவை. அங்கே பத்து வினாடியில் கழலும் நட்டு உங்கள் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே விழுங்கிவிடும்.

மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒன்று. கார் இன்னும் டிக்கியில் வந்த அந்தக் கத்தரி ஜாக்கியின் மேல்தான் நிற்கிறது என்றால், சக்கரத்தை மாட்டி இறக்கி வைத்துவிடுங்கள். அது ஸ்டெப்னி மாற்றுவதற்காகக் கொடுக்கப்பட்டது. அடியில் கையை விட்டு வேலை பார்ப்பதற்கு இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள் வேண்டும், தரையும் சமமாக இருக்க வேண்டும். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுக்காதீர்கள். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

நான் மெக்கானிக் அல்லன், கணக்கெழுதிப் பிழைப்பவன். "தெரியாத வேலையில் ஏன் தலையிடுகிறீர்கள், மெக்கானிக்குகளும் பிழைக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள் என்பதை அறிவேன். என் காரின் பெரும்பாலான வேலைகளை இன்றும் மெக்கானிக்கிடம்தான் கொடுக்கிறேன். இந்த ஒரு வேலையை ஏன் கையில் எடுத்தேன் என்பதைச் சொன்னால், என் பதிலின் நியாயம் விளங்கும்.

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை ஸ்விஃப்ட், ஒருவர் ஓட்டி விற்றதை வாங்கியது. சென்னையில் கடற்காற்று படும் பகுதியில் வெட்டவெளியில் நிற்கிறது. முன் இடப்பக்கம் ஓசை வரத் தொடங்கியதும் ஒரு பணிமனைக்குக் கொண்டுபோனேன். இரண்டு ஸ்ட்ரட்டுகள் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்கள்), அவற்றைக் காரின் உடலோடு பிணைக்கும் மேல் மவுண்டுகள், சக்கரத்தை அடியில் காரோடு இணைக்கும் இரண்டு லோயர் ஆர்ம்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள். காரை ஓட்டிப் பார்த்தார்களா என்று கேட்டதற்கு, "இந்த மாடலுக்கு இதுதான் சார் வரும்" என்ற விடைதான் கிடைத்தது. அந்த விடைதான் என்னை உறுத்தியது, தொகை அடுத்தபடிதான்.

வீட்டுக்கு வந்து நானே யோசித்தேன். முன் ஃபெண்டரை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் கார் ஒருமுறை எழும்பி அடங்கிவிடுகிறது. ஷாக் அப்சார்பர் தண்டில் எண்ணெய்க் கசிவும் இல்லை. இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து ஸ்ட்ரட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய தடயம் ஒன்று இருந்தது. வேகத்தடையில் இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது ஓசை இல்லை. ஒரு சக்கரம் மட்டும் சிறு குழியில் விழும்போதுதான் ஓசை வந்தது. இரண்டு சக்கரங்களும் ஒரே அளவில் ஏறினால் ஸ்டெபிலைசர் பார் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து, திருப்பத்தில் காரின் சாய்வைக் குறைக்கும் கம்பி) தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களில் சுழல்வதோடு சரி, முறுக்கம் எதையும் வாங்குவதில்லை. ஒரு பக்கம் மட்டும் ஏறும்போதுதான் அது முறுக்கப்படுகிறது. அந்த விசை, பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடு வழியாகத்தான் போக வேண்டும். லிங்க் ராடின் முனையில் உள்ள சிறு பால் ஜாயிண்ட் (குழிக்குள் அசையும் உருண்டை மூட்டு) தேய்ந்திருந்தால் அப்போதுதான் தட்டும். ஆகவே லிங்க் ராடை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சஸ்பென்ஷன் பாகங்களில் விலை குறைந்தவற்றுள் ஒன்று அது.

(வேகத்தடை என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டுதலின்படி பொதுப் போக்குவரத்துச் சாலையில் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும், வண்டி செல்லும் திசையில் 3.7 மீட்டர் நீளமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும் என்று இருந்தது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் கடப்பதற்கான அளவு அது. எங்கள் பகுதித் தெருக்களில் இருப்பவை சிமெண்ட் சாக்கு ஒன்றைக் கவிழ்த்துக் கொட்டியதற்கு மேல் இல்லை. லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கு வாழ்நாள் இவ்வளவு என்று எவர் கணக்குச் சொன்னாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.)

ஊகத்தை வைத்துக்கொண்டு நட்டில் ஸ்பேனரைப் போட்டபோது, நீங்கள் இப்போது நிற்கும் இடத்துக்கே நானும் வந்து சேர்ந்தேன். லிங்க் ராடின் நட்டைத் திருப்பினால் உள்ளிருக்கும் பால் ஜாயிண்ட் தண்டும் சேர்ந்து சுற்றுகிறது. நட்டு ஒரு மரைகூட இறங்குவதில்லை. தண்டைச் சுற்றாமல் பிடித்துக்கொள்வதற்காக அதன் நுனியில் ஆலன் கீ நுழையும் சிறு அறுகோணத் துளை உண்டு. என் காரில் அந்தத் துளை முழுவதும் துருவும் மண்ணும் இறுகி அடைத்திருந்தன. குத்தூசியால் சுரண்டி எடுத்து, கம்பித் தூரிகையால் வெளியே தெரிந்த மரைகளைத் துலக்கி, முந்தைய நாள் மாலையிலேயே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டிருந்தேன். மேல் நட்டு அதற்கு மசிந்தது. கீழ் நட்டு மசியவில்லை. ஆலன் கீயை அழுத்திப் பிடித்துத் திருப்பியதும் துளையின் விளிம்புகள் வழுவழுவென்று உருண்டுபோயின.

எங்கள் தெருவில் அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வாசலில் நின்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, எப்படியும் புதுசுதானே மாட்டப் போற? பழசுகிட்ட என்ன கெஞ்சிக்கிட்டிருக்க, அறுத்துத் தள்ளு" என்றார். இந்த ஒரு சொல்லைத்தான் எந்தக் காணொளியும் எனக்குச் சொல்லவில்லை. தூக்கி எறியப் போகும் பாகத்தின் நட்டைக் காப்பாற்ற வேண்டிய தேவையே இல்லை. பக்கத்து வெல்டிங் கடையிலிருந்து ஆங்கிள் கிரைண்டரை இரவல் வாங்கி, கண்ணாடி அணிந்து, பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். ஒயரையும் ஈரத் துணியால் மூடிவிட்டுத் தண்டையே அறுத்தோம். அறுப்பது வெகு சீக்கிரம் முடிந்துவிட்டது. அதற்கு முன் நட்டோடு மல்லுக்கட்டிய நேரத்தில் ஒரு முழு சக்கரத்தைச் சர்வீஸ் செய்திருக்கலாம்.

கழற்றிய இடத்தில் புதியதை உடனே மாட்டவில்லை. மறு பக்கத்து லிங்க் ராடையும் எடுத்துவிட்டு, தெருவுக்குள் மட்டும் நடைவேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். அதே குழி, அதே சக்கரம், ஓசை மட்டும் இல்லை. லிங்க் ராடு இல்லாத கார் திருப்பங்களில் வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும். ஆகையால் அந்த நிலையில் பெருஞ்சாலைக்குப் போகக் கூடாது. ஆனால் எந்தப் பாகம் ஓசை எழுப்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. பணிமனை எழுதிக்கொடுத்த ஸ்ட்ரட்டுகளும் லோயர் ஆர்ம்களும் இன்றும் அதே காரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதைச் சற்றுப் பெருமையாகவே சொல்கிறேன்.

பொருத்தும்போதும் புதியவரைத் திணறவைக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கியிருந்தால், தரையில் நிற்கும் மறு சக்கரம் பாரை முறுக்கியே வைத்திருக்கும். புதிய லிங்க் ராடின் தண்டு துளைக்கு நேராக வரவே வராது. தவறான பாகத்தைக் கடைக்காரர் கொடுத்துவிட்டார் என்று அவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். பார் முறுக்கம் விட்டுத் தானாகவே நேருக்கு வரும்.

உங்கள் காரில் ஓசைக்குக் காரணம் வேறாக இருக்கலாம். சக்கரம் தூக்கிய நிலையில் அதன் இடம், வலம் இரு ஓரங்களையும் பிடித்து ஆட்டும்போது ப்ளே (தளர்ந்த ஆட்டம்) இருந்தால், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் முனையைச் சந்தேகிக்கலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இருந்தால் லோயர் பால் ஜாயிண்டையோ வீல் பேரிங்கையோ பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகலோ டொக் என்ற ஓசையோ வந்தால், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டையும் அதன் பேரிங்கையும் கவனியுங்கள். டை ராடு முனையைக் கழற்றும்போது மரையின் மேல் சுத்தியலால் அடிக்காதீர்கள். நட்டைச் சில சுற்றுகள் தளர்த்தி அப்படியே விட்டு, தண்டைப் பிடித்திருக்கும் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகத்தின்) காதில் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினால், உள்ளே கூம்பாக இறுகியிருப்பது விட்டுக்கொடுக்கும்.

லோயர் ஆர்ம் வேலை என்றால், காணொளிகள் பலவும் விட்டுவிடும் ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் புஷ் பேரிங்போல் சுழல்வதில்லை. நடுவில் உள்ள இரும்புக் குழலை போல்ட் இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்தக் குழலோடு ஒட்டியிருக்கும் ரப்பர்தான் முறுகி முறுகி மீள்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் நிலையே ரப்பரின் ஓய்வு நிலையாகிவிடும். கார் தரைக்கு வந்ததும் ரப்பர் எந்நேரமும் முறுகியே இருக்கும். இடுப்பைத் திருப்பியபடியே நாள் முழுவதும் நிற்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி. புதிய புஷ் சில மாதங்களில் கிழிவதற்கும், "உள்ளூர் சரக்கு, அப்படித்தான்" என்று பாகத்தின்மேல் பழி விழுவதற்கும் இது காரணமாகிவிடுகிறது. ஆகவே தூக்குவதற்கு முன்பே, கார் தரையில் நிற்கும்போது சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் வளைவின் விளிம்புவரை எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டிவிட்டு, கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே ஆர்மின் அடியில் இன்னொரு ஜாக்கியை வைத்து, அதே அளவு வரும்வரை மெல்ல உயர்த்தி, அதன் பிறகே இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் என் மனக்குறை இருக்கிறது. சக்கர நட்டுக்கு என் காரில் 85 நியூட்டன் மீட்டர் (இறுக்கும் முறுக்கு விசையின் அளவு). காரோடு தரும் கையேட்டில் அது இருக்கிறது. லோயர் ஆர்ம் போல்ட்டுக்கும் ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கும் உரிய அளவுகளோ அதில் இல்லை. அவை பணிமனைக் கையேட்டில் இருப்பவை. அதைச் சாதாரண உரிமையாளன் விலை கொடுத்து வாங்க நினைத்தாலும் நேர்வழி எளிதில் அகப்படுவதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென்று ஓர் இணையவாயிலும் திறக்கப்பட்டது. நான் கேட்பது ஒரே ஒரு பக்கம்: எந்த போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்ற அட்டவணை. உயிர் போகும் இடத்தில் உள்ள போல்ட்டை உரிமையாளன் "கைக்கு வந்தபடி" இறுக்கட்டும் என்று விடுவதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்ட்ரட்டையே மாற்ற வேண்டியிருந்தால் நான் சொல்வது வேறு. கழற்றுவதும் மாட்டுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கும் வேலையை மட்டும் சரியான கருவி உள்ள பணிமனையில் கூலி கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு முன்பக்கம் விழுகிறது என்றால், ஒரு ஸ்பிரிங் தாங்குவது சுமார் முந்நூறு கிலோ. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கொக்கி வகைக் கம்ப்ரஸர் அந்த விசையோடு ஸ்பிரிங்கின் சுற்றுகளில் வழுக்கினால் முகத்தில்தான் அடிக்கும். "நான் பலமுறை செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதுபவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. உங்கள் கேள்வி முதல் முறை செய்பவரைப் பற்றியது.

பின்பக்கம் இவ்வளவு பாடில்லை. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பின்புறம் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் இருப்பதால், கீழே ஒரு போல்ட்டையும் மேலே உள்ள நட்டையும் எடுத்தால் ஷாக் அப்சார்பர் கையோடு வந்துவிடும். அச்சின் அடியில் ஜாக்கியைத் தாங்கலாக வைத்துவிட்டே போல்ட்டை உருவுங்கள். அச்சு அதற்கு மேல் கீழே இறங்காமல் தடுத்துக்கொண்டிருப்பது அந்த ஷாக் அப்சார்பர்தான். முதல் வேலை எதில் தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால் இதையே சொல்வேன்.

அலைன்மெண்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். லிங்க் ராடையும் பின் ஷாக் அப்சார்பரையும் மாற்றினால் அது தேவைப்படாது. டை ராடு முனையைத் தொட்டால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு, மாறிவிடும். ஸ்ட்ரட்டை நக்கிளிலிருந்து பிரித்தால் போல்ட் துளையில் உள்ள சிறு இடைவெளி காரணமாகக் கேம்பரும், அதாவது முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வும், மாறக்கூடும். இவற்றைத் தொட்டிருந்தால் வேலை முடிந்த அன்றே அலைன்மெண்ட் கடைக்குப் போய்விடுங்கள், மறுநாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். நைலான் வளையம் உள்ள லாக் நட்டுகளைப் பழையதையே திரும்ப மாட்டாமல் புதியதாக வாங்குங்கள். சென்னையில் உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ பழைய நட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால், கடைக்காரர் அதே மரை அளவில் எடுத்துக் கொடுத்துவிடுவார்.