அக்காகிட்ட கேளுங்க: அவ காயத்தை உன் விதியை வச்சு அளக்காத

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு, சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன். ரெண்டு வருஷமா விக்கா (இயற்கையை வணங்கி, மந்திரச் சடங்குகள் செய்ற ஒரு நவீன மதம்) வழியில போறேன், வீட்டுல யாருக்கும் தெரியாது, அம்மா சாமி ரூம்ல விளக்கு ஏத்துறப்ப நான் என் ரூம்ல மெழுகுவத்தி ஏத்துவேன், அவ்வளவுதான். பாலிடெக்னிக் காலத்துல இருந்து கூடவே இருக்கிற தோழி ஒருத்தி, சின்ன வயசுல சொந்தக்காரர் ஒருத்தரால அவளுக்குக் கொடுமை நடந்திருக்கு. மனசு தாங்காம போகுறப்ப தன்னையே காயப்படுத்திக்கிறா. அவளும் என் வழிதான். எங்க விதி 'யாருக்கும் தீங்கு செய்யாதே'ன்னா அதுல நம்மளும் அடக்கம்தானே, அப்ப அவ விதியை மீறுறாளா? போன வாரம், "செய்றது மூணு மடங்கா திரும்பும்னா எனக்கு நடந்ததும் நான் எப்பவோ செஞ்சதுக்குத்தான்"னு சொன்னா, எனக்கு வாயே வரல. அவளுக்குத் தெரியாம அவளைக் காப்பாத்த ஒரு சடங்கு செய்யலாமா? யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்கா.

பதில்: தங்கச்சி, அந்த மூணு மடங்கு பேச்சைத்தான் முதல்ல எடுக்கணும், ஏன்னா உன் கடிதத்துலயே எனக்கு ரொம்ப வலிச்ச இடம் அதுதான். நம்ம வீடுகள்ல "போன ஜென்மத்துப் பாவம்"னு சொல்லி எத்தனை பொண்ணுங்க வாயை அடைச்சிருக்காங்க, அதே பழிதான் இப்ப வேற பேர்ல அவ தலையில ஏறியிருக்கு. ஒரு குழந்தைக்குப் பெரியவர் ஒருத்தர் செஞ்ச கொடுமைக்கு அந்தக் குழந்தை காரணமே கிடையாது. மூணு மடங்கு விதியை விக்காக்காரங்க எல்லாருமே ஏத்துக்கிறதில்ல, ஏத்துக்கிறவங்களுக்கும் அது நான் ஒண்ணு செய்யப் போறப்ப என் கையைப் பிடிச்சு யோசிக்க வைக்கிறதுக்குத்தான், அடிபட்டவளைப் பார்த்து "நீ என்ன செஞ்ச"ன்னு கேக்குறதுக்கு இல்ல. அவ மறுபடி அப்படிச் சொன்னா வாதம் பண்ணாத, "அது உன் தப்பு இல்ல"ன்னு மட்டும் சொல்லு, பத்து தடவை சொல்ல வேண்டி வந்தாலும் சொல்லு.

அடுத்தது உங்க விதி. நான் மாரியம்மனைக் கும்பிடுறவ, உன் வழி என் வழி இல்ல, ஆனாலும் தெரிஞ்சதைச் சொல்றேன். பிரிட்டன்ல சூனியச் சட்டம் 1951ல நீக்கப்பட்ட பிறகுதான் விக்காவைப் பரப்பின ஜெரால்ட் கார்ட்னர் அதைப் பத்தி வெளிப்படையா பேச ஆரம்பிச்சார், யாருக்கும் தீங்கு இல்லாத வரைக்கும் உன் விருப்பப்படி செய்ங்கிற வாசகத்தை 1964ல அவர்கிட்ட தீட்சை வாங்கின டோரீன் வேலியன்டே மேடையில சொன்னாங்க. அதுக்கு 'ரீட்'னு பேரு, பழைய ஆங்கிலத்துல அதுக்கு ஆலோசனைன்னு அர்த்தம். கட்டளையே இல்லாதப்ப மீறல் எங்க இருந்து வரும்? அந்த ஆலோசனையை வச்சு உன் நடத்தையை அளந்துக்கோ, அவளோட காயத்தை அளக்காத. ஏற்கனவே வெட்கத்துல வெந்துக்கிட்டு இருக்கிறவகிட்ட போய் "நீ விதியை மீறிட்ட"ன்னு சொன்னா, அங்கதான் நிஜமான தீங்கு நடக்குது.

தன்னைக் காயப்படுத்திக்கிறவங்க நிறைய பேர் சாகணும்னு நினைச்சு செய்றதில்ல, உள்ள பொங்குறதை அடக்கத் தெரியாம, இல்ல உடம்பு மனசு எல்லாம் மரத்துப்போய் ஏதாவது உணரணும்னு செய்றாங்க. ஆனா அதை நம்பி சும்மாவும் இருந்துடக் கூடாது, ஏன்னா இப்படிச் செய்றவங்களுக்கு உயிர் ஆபத்தும் மத்தவங்களை விட அதிகம். அதனால நேராவே கேளு, "செத்துப் போகணும்னு தோணுதா"ன்னு. கேட்டா அந்த நினைப்பு வந்துடுமோன்னு பயப்படாத, அப்படி வராது, கேட்க ஒரு ஆள் இருக்கேன்னு பாரம்தான் இறங்கும்.

நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன், அதையும் சொல்லிடுறேன். என் சித்தி பொண்ணு இதே நிலைமையில இருந்தப்ப அவளை சவுத் பிரிட்ஜ் ரோடு கோயிலுக்கு இழுத்துட்டுப் போய் "இனிமே செய்ய மாட்டேன்"னு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ண வச்சேன். வீட்டுக்கு வந்து தினமும் சட்டைக் கையை மடிச்சு வேற பார்ப்பேன். அவ நிறுத்தல, எனக்குத் தெரியாம செய்யக் கத்துக்கிட்டா, அது மட்டும்தான் நடந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு ஒரு ராத்திரி எங்க புளோக் கீழ வாய்ட் டெக்ல கல் மேசையில உக்காந்து ரெண்டு பேரும் பாக்கெட் மைலோ குடிச்சோம், நான் எதுவுமே கேக்கல, அன்னைக்குத்தான் அவளாவே வாய் திறந்தா. அதனால சத்தியம் கேக்காத, நடந்ததை விவரமா சொல்லச் சொல்லியும் துருவாத. காயம் இருந்தா பதறாம சுத்தம் பண்ணிக் கட்ட உதவு, ஆழமா இருந்தா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.

அவளுக்குத் தெரியாம சடங்கு வேணாம்மா. சின்ன வயசுல அவ சம்மதம் கேக்காமதானே எல்லாம் நடந்துச்சு, இப்ப நல்லதுக்குன்னாலும் அவளைக் கேக்காம எதுவும் நடக்கக் கூடாது. "உனக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்தட்டுமா"ன்னு கேளு. சரின்னா சேர்ந்து ஏத்துங்க, வேணாம்னா விட்டுடு. ஆனா மெழுகுவத்தி சிகிச்சை ஆகாது, அதுல ரெண்டு பேருமே தெளிவா இருக்கணும்.

ரகசியம்னு கொடுத்த வாக்கு உயிருக்கு ஆபத்து வர்ற வரைக்கும்தான் செல்லும். அதை இப்பவே, அவ நல்லா இருக்கிற நேரத்துலயே சொல்லி வை: "உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா நான் யாரையாவது கூப்பிடுவேன், ஆனா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்". அப்படி நேரம் வந்தா ஆம்புலன்ஸுக்கு 995. ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுக்கிற நம்பர் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸோட 1767, பேச வரலன்னா 9151 1767க்கு வாட்ஸ்அப் பண்ணலாம். தேசிய மனநல உதவி எண் 1771ம் 24 மணி நேரம்.

"உட்பிரிட்ஜ் மனநல ஆஸ்பத்திரியில போட்டுடுவாங்க"ங்கிற பயம் நம்ம ஆளுங்ககிட்ட இன்னும் போகல. அந்த ஆஸ்பத்திரி இப்ப புவாங்கோக்ல மனநலக் கழகம், ஐஎம்எச். எடுத்தவுடனே அங்கதான் போகணும்னு இல்ல, பக்கத்து பலதுறை மருந்தகத்துலயே (பாலிகிளினிக்) டாக்டர்கிட்ட சொல்லலாம், அவங்க எழுதிக் கொடுத்துப் போனா மானியக் கட்டணமும் கிடைக்கும். போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னும் சிலர் வாய் திறக்கிறதில்ல. தற்கொலை முயற்சியே 2020 ஜனவரி 1ல இருந்து சிங்கப்பூர்ல குற்றம் கிடையாது, அதையும் அவகிட்ட சொல்லு. டாக்டரைப் பார்க்கப் போறப்ப கூட வர்றேன்னு சொல்லி வெளிய உக்காந்திரு.

உனக்கும் 24 வயசுதான். 1767ல நீயும் பேசலாம், அவ பேரைச் சொல்லணும்னு இல்ல. இன்னைக்கு ராத்திரி அவளுக்கு ஒரு மெசேஜ் போடு, "சாப்ட்டியா"ன்னு கேட்டா போதும்.